கத்தரி அக்கா வெட்டிய ஏழு நாள்

அந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவருக்குக் கத்தரி அக்கா என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, வைத்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டது. பிளம்பர் எட்டு நாள் கேட்டால் நாலு கொடுப்பார். பெயின்டர் ஒரு மாதம் கேட்டால் ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதினெட்டு நாள் கொடுப்பார். "அக்கா, கழுத்தை அறுக்கிறீங்களே!" என்று கேட்டவர் கத்துவார். அக்கா கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "கழுத்து பத்திரமா இருக்கு. வாலைத்தான் நறுக்கினேன்" என்பார்.

அவருடைய வேலை அட்டவணை போடுவது. ஒரு கல்லூரிக்கு நூலகமும் அதை ஒட்டி ஒரு பெரிய அரங்கமும் எழும்பிக்கொண்டிருந்தன. எந்த வேலை எப்போது தொடங்கும், எது முடிந்தால் எது தொடங்கலாம், யார் எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் அக்காவின் கணினிக்குள் இருந்தது. கேன்ட் சார்ட் என்பார்கள். வேலையாட்களுக்கு வெறும் சார்ட். இடப்பக்கம் வேலைகளின் பெயர்கள், வலப்பக்கம் நாட்காட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீலப் பட்டை. வேலை எத்தனை நாளோ பட்டை அத்தனை நீளம். ஒன்றை முடித்துத்தான் இன்னொன்று என்றால் இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி. முன்னால் இருக்கும் பட்டையை ஒரு விரற்கடை இழுத்தால் பின்னால் இருப்பவை எல்லாம் ரயில்பெட்டி மாதிரி கூடவே நகரும். கட்டடம் முடிகிற தேதியையே எது தள்ளப் பார்க்கிறதோ அது சிவப்பாகிவிடும். சிவப்பைக் கண்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

லாரியில் கொண்டுவந்து இறக்கிய தகர அறைதான் அலுவலகம். வெயில் ஏறினால் அடுப்பு, மழை பெய்தால் மத்தளம். ஒரு சுவர் முழுக்க அச்சடித்த சார்ட்டை ஒட்டியிருப்பார். அதற்கு எதிரே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் இரும்புச் சாமான்கள் அடுக்கும் முற்றம்; முற்றத்துக்கு அப்பால் அரங்கம்.

அக்கா வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தார் அந்த மனுஷன். தட்டச்சு செய்யத்தான் இந்தக் கம்பெனி அவரை எடுத்தது. ஒரு நாள் அட்டவணை போடுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போக, "யாருக்காவது இந்த சாஃப்ட்வேர் தெரியுமா?" என்று மேனேஜர் கேட்க, தெரியாமலேயே கையைத் தூக்கினார் அக்கா. கையைத் தூக்கிய பிறகுதான் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் போட்ட சார்ட்டில் ஒரு கட்டடம்கூட தேதி தவறியதில்லை. அது அவருக்கு நகை மாதிரி. போட்டுக்கொண்டே இருப்பார்.

அவருடைய சூட்சுமம் சாஃப்ட்வேரில் இல்லை, ஆட்களில் இருந்தது. யார் எவ்வளவு கூட்டிச் சொல்வார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பிளம்பர் சொல்வதில் பாதி காற்று. கான்கிரீட் மேஸ்திரி சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு. அக்கா வெட்டுவார் என்று அவர்கள் கூட்டிச் சொன்னார்கள். கூட்டிச் சொல்கிறார்கள் என்று அக்கா வெட்டினார். இதில் முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டால் இரண்டு பக்கமும் விரல் நீளும். வெட்டியதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சுவரில் சார்ட் விழும், அவரவர் தம் பட்டையைப் பார்ப்பார்கள், கத்துவார்கள். ஒரு முறை கத்தினால் அது மரியாதைக்கு. மறுபடியும் வந்து மேசை முன்னால் நின்றால் நிஜமாகவே வலிக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு நாள் திருப்பிக் கிடைக்கும். கத்தாமலே எழுந்து போகிறவனுடைய மடியில் இன்னும் நாள் மிச்சம் இருக்கிறது. இதுதான் சட்டம். எழுதி வைக்காத சட்டம் என்பதால் யாரும் மீறியதும் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். "பத்து நிமிஷத்துல கிளம்பிடுவேம்மா" என்று மகள் சொன்னால் அக்கா நிதானமாக ஒரு துணிமூட்டையைத் துவைத்துக் காயப்போடுவார். புருஷன் பேருந்து ஓட்டுகிறவர். "வீட்டுலயும் சார்ட்டை மாட்டிடாத தாயே, நான் டிப்போவுலயே படுத்துக்குவேன்" என்பார். தம்பி ஒருவன் இருந்தான், எலெக்ட்ரீஷியன். வாய் ஓயாதவன். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை இந்தக் கட்டடத்துக்குள் இழுத்துவிட்டது அக்காதான். "அவனுக்கு மட்டும் சலுகை" என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று மற்றவர்களைவிட ஒரு நாள் கூடவே அவனுக்கு வெட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் புது சைட் என்ஜினியர் வந்து சேர்ந்தான். பழையவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். இவன் ஒல்லி, சட்டை எப்போதும் ஒரு சைஸ் பெரிசு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். எல்லாரும் புதுசு, புதுசு என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது.

முதல் வாரமே அக்கா அவனிடம் நாள் கணக்குக் கேட்டார். ஒவ்வொரு வேலைக்கும் யோசித்து, கண்ணை மூடித் திறந்து, ஓர் எண்ணைச் சொன்னான். கடைசியில் அரங்கத்து மேல்தளம் வந்தது. நடுவில் தூணே இல்லாத அகலமான தளம். கான்கிரீட் போட்ட பிறகு அது தானாக நிற்கப் பலம் வரும்வரை கீழே இரும்பு முட்டுகள் வரிசையாக நின்று அதைத் தாங்க வேண்டும்.

"முட்டு எத்தனை நாள் நிக்கணும்?"

"இருபத்தொண்ணு மேடம்."

அக்கா எழுதிக்கொண்டார். அவன் போன பிறகு கணினியில் பதினான்கு என்று போட்டார். கை தானாகப் போட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆள் புதிது என்பதால் மேஸ்திரிக்கு வெட்டுகிற அளவே இவனுக்கும் இருக்கட்டும் என்று ஒரு யோசனை. பட்டை குறுகியது; பின்னால் இருந்த பட்டைகள் சரசரவென்று இடப்பக்கம் நகர்ந்தன; சிவப்பாக இருந்த ஒரு வரிசை நீலத்துக்குத் திரும்பியது. அக்காவுக்கு மனசு குளிர்ந்தது. முட்டு எடுக்கும் பட்டையின் முடிவிலிருந்து ஓர் அம்புக்குறி போய் அடுத்த பட்டையின் தலையில் குத்தியது. 'அரங்கம், கீழ்ப்புற மின்வேலை.' தம்பியின் வேலை.

திங்கட்கிழமை சார்ட் சுவரில் விழுந்தது. பிளம்பர் கத்தினார், பெயின்டர் கும்பிட்டார், மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். புதுசு மட்டும் சார்ட்டை வெகுநேரம் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் மாதிரி வாயைத் திறந்து, மேனேஜரைப் பார்த்து, மூடிக்கொண்டான். மூச்சு விடாமல் எழுந்து போனான்.

'மடி கனமாத்தான் இருக்கு' என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவன் வேலைகள் ஒவ்வொன்றாகப் பிந்தின. பெரிதாக இல்லை. நூலகத்துப் படிக்கட்டு இரண்டு நாள் பிந்தியது. பின்பக்கச் சுவர் மூன்று நாள். பிந்தியதைச் சரிக்கட்ட அக்கா வேறு பட்டைகளை நெருக்கினார். "புதுசு கொஞ்சம் மந்தம்" என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தையும் போட்டுவைத்தார். அரங்கத்துத் தளம் மட்டும் சொன்ன தேதியில் கான்கிரீட் போட்டு முடிந்தது. கலவை வெளியிலிருந்து லாரி லாரியாக வந்தது. அதை வரவழைப்பது தலைமை அலுவலகம். அதன் பிறகு இரண்டு வாரம் அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை. முட்டுகள் மட்டும் இருட்டில் காடு மாதிரி நின்றன. ஒரு தடவை அவற்றுக்கு நடுவே குறுக்கே நடந்துபோன அக்காவுக்கு ஏனோ தோள் கூசியது. வேகமாக நடந்து வெளியே வந்துவிட்டார்.

மூன்றாம் வாரம் தொடங்கிய அன்று காலை ஜன்னலுக்கு வெளியே டங் டங் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். முற்றத்தில் முட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சார்ட்டில் இருந்த தேதி, இருந்த மணி. அந்தச் சத்தம் அவர் காதுக்குக் காசு குலுக்குகிற மாதிரி இருந்தது. தேநீரை ஊற்றிக்கொண்டு மாதாந்தரக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தார்.

சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. முதலில் போட்ட திட்டத்தைச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடாகவும், உண்மையில் நடந்ததை அதன் மேல் தடித்த பட்டையாகவும் காட்டும். ஆள் வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். புதுசுவைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவன் வேலைகளை மட்டும் பிரித்தார். ஒவ்வொரு சாம்பல் கோட்டையும் தாண்டிப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அரங்கத்துத் தளத்தைத் தவிர ஒன்றுகூடத் தப்பவில்லை. படியை ஏறி நூலகத்துக்கே போய்விட்டார் அக்கா.

அவன் அளவு நாடாவை மடக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன என்ஜினியர் சார், சொன்ன நாள்ல ஒரு வேலைகூட முடிக்கிறதில்லைன்னு ஏதாவது வேண்டுதலா?"

அவன் முகம் சுருங்கியது. "சொன்ன நாளுக்கு மேல நான் ஒரு நாள்கூட எடுக்கலையே மேடம்."

"படிக்கட்டு?"

"ஆறு சொன்னேன். ஆறுல முடிச்சேன். நீங்க நாலுன்னு போட்டீங்க."

"பின்பக்கச் சுவர்?"

"ஒன்பது சொன்னேன். ஒன்பது ஆச்சு."

அக்கா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "சரி, விடுங்க. எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியட்டும். சொல்றதுல எவ்வளவு மிச்சம் வச்சுச் சொல்றீங்க?"

"மிச்சம்னா?"

"அதான் சார், கூட. நான் வெட்டுவேன்னு கூடச் சேர்த்துச் சொல்லுவீங்கல்ல, அது."

அவன் அவரையே பார்த்தான். விளையாடுகிறாரா என்று தேடுகிற பார்வை. "வேலைக்கு எவ்வளவு ஆகுமோ அதைத்தானே மேடம் சொல்லணும்?"

கீழே டங் என்று ஒரு சத்தம். இன்னொரு முட்டு. அக்கா சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"அப்ப... அரங்கத்து முட்டு?"

"அது நீங்க தளத்தை வரைஞ்ச டிசைன் ஆபீஸ்ல கேட்டுத்தானே குறைச்சீங்க?" என்றான் அவன். "சீக்கிரம் இறுகுற கலவையா வரவழைச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். சார்ட்டுல வந்துட்டா எல்லாரும் பார்த்து முடிவு பண்ணினதுன்னு முதல் நாளே மேனேஜர் சொன்னாரே." அவன் குரல் போகப் போக இறங்கியது. "கேட்டீங்கல்ல மேடம்?"

கேட்கவில்லை என்பது அக்காவின் முகத்திலேயே எழுதியிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படியைப் பார்த்து ஓடினார்கள்.

நாளை மிச்சம் பிடிக்க, முட்டு எடுத்த இடத்தில் அன்று காலையே வேலையைத் தொடங்கியிருந்த தம்பிக்கு ஓடிக்கொண்டே போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, அடங்கியது. ஏணி மேலே நிற்கும்போது அவன் எடுக்க மாட்டான். 'எடுக்கக் கூடாது' என்று திட்டிப் பழக்கியவரே அக்காதான். முற்றத்தைக் கடக்கும்போது முட்டுகளின் குவியல் அவர் தோளளவு உயர்ந்திருந்தது. காலையில் அதைப் பார்த்துத்தானே தேநீர் குடித்தோம் என்று நினைத்தபோது நாக்கில் கசந்தது.

அரங்க வாசலில் மேஸ்திரி இரண்டு பேரோடு முட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, பாதிக்கு மேல எடுத்தாச்சு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டா எனக்கு ஒரு நாள் திருப்பித் தருவீங்கல்ல?"

"நிறுத்துங்க. எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க."

"என்னது?"

"இன்னும் ஒரு வாரம் இருக்கு மேஸ்திரி. கூப்பிடுங்க!"

மேஸ்திரி சிரித்துவிட்டார். "ஏய், கேட்டீங்களாடா? கத்தரி அக்கா நமக்கு ஒரு வாரம் சும்மா தர்றாங்களாம்! உடம்பு கிடம்பு சரியில்லையா அக்கா?" உள்ளேயிருந்தும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் கேட்காமல் ஒரு மணி நேரம் கொடுத்திராத பெண், ஒரு வாரம் கொடுக்கிறேன் என்று வாசலில் நின்றால் யார்தான் நம்புவார்கள்? புதுசு மேஸ்திரியின் கையைப் பிடித்துக் காதில் இரண்டு வார்த்தை சொன்னான். மேஸ்திரியின் சிரிப்பு அணைந்தது. தோளில் இருந்த முட்டைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். சத்தம் போட்டால் மேலே இருப்பது விழித்துக்கொள்ளும் என்பது போல வைத்தார்.

ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அரங்கத்தின் ஒரு பாதியில் முட்டுக் காடு இன்னும் நின்றது. மறுபாதி வெறும் வெளி. அந்த வெளியின் நடுவே, ஏணியின் உச்சியில், தம்பி தளத்தோடு தலை ஒட்ட மின்கம்பிக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தான்.

"இறங்குடா!"

"இதோ அக்கா, ரெண்டே ரெண்டு குழாய். பத்து நிமிஷம்."

அந்தக் குடும்பத்தில் பத்து நிமிஷம் என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியாதா? புதுசு தடுக்கத் தடுக்க அவர் உள்ளே நடந்தார். காலடிச் சத்தம் மேலே போய் இடித்துத் திரும்பி வந்தது. ஏணிக்குக் கீழே போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, என்னைய நம்பலையா? நீயே வெட்டினதுக்கு மேல இன்னும் வெட்ட வந்துட்டியா?" என்று குனிந்தான் தம்பி. அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் தோளைப் பார்த்தான். நீலச் சட்டையில் மாவு சலித்த மாதிரி வெள்ளைப் பொடி, ஒரே நேர்கோட்டில் விழுந்திருந்தது. தட்டிவிட்டான். அவன் பார்க்கப் பார்க்கவே அதே இடத்தில் மறுபடியும் மெல்லிசாகப் படிந்தது.

அதற்கப்புறம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறந்ததிலிருந்து அவன் வாய் மூடி அக்கா பார்த்தது அன்றுதான். இறங்கினான். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, ஓடாமல், தரைக்குக் கேட்காத மாதிரி நடந்து வெளியே வந்தார்கள்.

தளத்தின் அடிப்பக்கம் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். ஒரு சுவரிலிருந்து கிளம்பி நடுவரைக்கும் போயிருந்தது. வாசலில் நின்றவர்களில் யாரும் அது எங்கே முடிகிறது என்று பார்க்க உள்ளே போகவில்லை. ஆனால் எடுத்த முட்டுகளைத் திரும்ப நிறுத்தியாக வேண்டும். நிறுத்த ஆள் உள்ளே போகத்தான் வேண்டும். மேஸ்திரி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தானே ஒரு முட்டைத் தூக்கினார். நிற்கிற முட்டுகளின் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்றை நிறுத்தி இறுக்கி, அதன் நிழலில் நின்றுகொண்டு அடுத்ததை நிறுத்தினார்கள். அக்கா வாசலை விட்டு அசையவில்லை. உள்ளே போகிற ஒவ்வொரு முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

தளம் நின்றது.

டிசைன் ஆபீஸ்காரர் வந்து, விளக்கடித்து, தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "இப்போதைக்கு இறங்காது. ஆனா பழைய கணக்கு இனிமே செல்லாது. எத்தனை நாள் முட்டு நிக்கணும்னு இங்க இருக்குற என்ஜினியர் பார்த்து முடிவு பண்ணிச் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போனார்.

தகர அறையில் மேனேஜர், அக்கா, புதுசு மூன்று பேர். நடந்ததை அக்கா ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: யாரையும் கேட்கவில்லை, நான்தான் ஏழு நாளை வெட்டினேன் என்று. மேனேஜருக்கு அதைவிட முக்கியம் கட்டடத்துத் தேதி. "சரிம்மா, ஆனது ஆச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. இனிமே ஆக வேண்டியதைப் பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புதுசுவைப் பார்த்தார். "சொல்லுப்பா. எத்தனை நாள்?"

அக்கா விரல்களை விசைப்பலகையில் வைத்துக் காத்திருந்தார்.

புதுசு கண்ணை மூடித் திறந்தான். உதட்டில் ஓர் எண் வந்து நின்றது. அதை அவன் சொல்லவில்லை. மேனேஜரைப் பார்த்தான். பிறகு அக்காவின் விரல்களைப் பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தயங்கினான்.

"முப்பது" என்றான்.

அந்தத் தயக்கம் அக்காவுக்குத் தெரியும். பிளம்பரிடமும் பெயின்டரிடமும் மேஸ்திரியிடமும் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன தயக்கம் அது. இவனிடம் இன்றைக்குத்தான் முதல் முறை.

மேனேஜர் சிரித்தார். "முப்பதுன்னா நமக்கு இருபதுன்னு வச்சுக்கலாமில்ல? என்னம்மா, உன் கணக்குப்படி?"

"இல்ல சார். முப்பதுன்னா முப்பது" என்றார் அக்கா.

தலையை நிமிர்த்திப் புதுசுவின் முகத்தைப் பார்த்தார். நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்தார். அங்கே நிம்மதி இல்லை. வெட்டமாட்டார் என்று தெரிந்திருந்தால் வேறு எண்ணைச் சொல்லியிருப்பானோ என்னவோ, சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதவன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கத்தரிக்குப் பயந்து கூட்டிச் சொன்ன முப்பதா? மேனேஜரின் முகத்துக்குப் பயந்து குறைத்துச் சொன்ன முப்பதா? யார் சொல்வதில் எவ்வளவு காற்று என்று இத்தனை வருஷம் எடைபோட்டவருக்கு இவன் எண்ணைத் தூக்கிப் பார்க்கத் தெரியவில்லை.

"சார், உண்மையைச் சொல்லுங்க. எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"அதான் சொன்னேனே மேடம். முப்பது."

இந்த முறை தயக்கமே இல்லை.

அக்கா முப்பது என்று போட்டார். பட்டை நீண்டது. பின்னால் இருந்தவை எல்லாம் வலப்பக்கம் நகர்ந்து, மேலிருந்து கீழ்வரை சிவப்பாகின. கடைசியாக ஓர் அம்புக்குறி முட்டு எடுக்கும் பட்டையிலிருந்து கிளம்பிப் போய், தம்பியின் வேலை தொடங்கும் தேதியைத் தொட்டு நின்றது.